91-ஆ, 84-ஆ? கார் சப்ஊஃபரின் உணர்திறன் எண் சொல்வதும் சொல்லாததும்

மலேசியாவில் ஈப்போவுக்கும் கோலாகங்சாருக்கும் இடையில், பழைய பால்மரத் தோட்டங்களையும் இன்றைய செம்பனைத் தோட்டங்களையும் சுற்றி வளர்ந்த ஊர் சுங்கை சிப்புட். இதுபோன்ற தோட்டப் பட்டணங்களில் கார் அக்சசரி கடைக்குப் போகும் இளைஞர்களுக்கு ஒரு பேச்சு நன்றாகப் பழகியிருக்கும். அலமாரியில் இரண்டு 12 அங்குல சப்ஊஃபர்கள், அதாவது பாஸ் எனும் அடித் தொனிக்கென்றே செய்த ஒலிபெருக்கிகள். ஒன்றின் அட்டையில் உணர்திறன் 91 டெசிபெல் என்றும் மற்றதில் 84 டெசிபெல் என்றும் அச்சாகியிருக்கும்.

"தம்பி, 84 எல்லாம் சத்தமே வராது. 91 எடு. சவுண்ட் குவாலிட்டி அள்ளிக்கிட்டுப் போகும்."

"அப்புறம் ஏண்ணே அந்த 84 விலை கூட இருக்கு?"

"அது பிராண்டுக்காகப்பா."

தம்பி கேட்ட கேள்வி சரியானது. அண்ணன் சொன்ன பதில்தான் பாதி வழியில் நின்றுவிட்டது. பல மாதம் சம்பளத்தில் ஒதுக்கிச் சேர்த்த வெள்ளி அந்தப் பாதிப் பதிலை நம்பிக் கைமாறுகிறது. உணர்திறன் எண்ணுக்கும் ஒலித் தரத்துக்கும் உள்ள உறவு அவ்வளவு நேரடியானது அல்ல. சில இடங்களில் உறவே கிடையாது. ஓரிரு இடங்களில் மட்டும், பலரும் நினைக்காத வழியாக வந்து தொடுகிறது.

சென்சிடிவிட்டி என்று அட்டையில் போடும் உணர்திறன் ஓர் எளிய அளவு. ஊஃபருக்கு 1 வாட் மின்திறன் கொடுத்து, 1 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபெல் ஒலி கிடைக்கிறது என்பதே அது. டெசிபெல் கணக்கில் 3 கூடினால் மின்திறன் இரட்டிப்பதற்குச் சமம். 10 கூடினால் பத்து மடங்கு. எனவே 91-க்கும் 84-க்கும் உள்ள 7 டெசிபெல் இடைவெளி, ஏறக்குறைய ஐந்து மடங்கு மின்திறன். முதல் ஊஃபர் 80 வாட்டில் போடும் சத்தத்தை இரண்டாவது போட 400 வாட் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குக் கார் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று சொல்வதைப் போன்ற எண் இது. இருக்கையின் சுகத்தையோ வளைவில் கார் நிற்கும் நிதானத்தையோ அந்த எண்ணிலிருந்து படிக்க முடியாது.

உணர்திறன் அதிகமானால் தரமும் அதிகம் என்பது உண்மையானால், நம் ஊரிலேயே மிகத் தரமான ஒலிபெருக்கி கோயில் திருவிழாவில் மரத்தில் கட்டும் புனல் ஸ்பீக்கராகத்தான் இருக்க வேண்டும். அதன் உணர்திறன் 100 டெசிபெலைத் தாராளமாகத் தாண்டும். முப்பது வாட் ஆம்ப் (ஒலிபெருக்கிக்கு மின்திறன் கொடுக்கும் கருவி) ஒன்றை வைத்துக்கொண்டு தோட்டத்தின் கடைசி லயம் வரைக்கும் அறிவிப்பைக் கொண்டுசேர்த்துவிடும். அதற்காகவே செய்யப்பட்ட கருவி அது; அந்த வேலையை அருமையாகச் செய்கிறது. ஆனால் அதில் உறுமி மேளத்தின் அடித் தொனி வருமா? வராது. பேச்சுக்குத் தேவையான நடு அதிர்வெண்களில் தன் முழுத் திறனையும் செலவழித்துவிட்டு, கீழே உள்ளதைக் கைவிட்டுவிடுகிறது. திறனை எங்கே செலவழிப்பது என்ற அந்தத் தேர்வுதான் சப்ஊஃபரிலும் நடக்கிறது.

பெட்டிக்குள் இருக்கும் கணக்கு

ஸ்பீக்கர் என்பது மின்சாரத்தை ஒலியாக மாற்றுவதில் மிக மோசமான கருவி. 92 டெசிபெல் உணர்திறன் உள்ள ஊஃபரே, கொடுத்த மின்சாரத்தில் சுமார் 1 விழுக்காட்டைத்தான் ஒலியாக்குகிறது. 91 டெசிபெல் என்றால் 0.75 விழுக்காட்டை ஒட்டி. 84 என்றால் 0.16 விழுக்காடு. மிச்சம் எல்லாம் சூடு.

இவ்வளவு குறைந்த எண்ணை யாராவது வேண்டுமென்றே ஏற்றுக்கொள்வார்களா? ஏற்றுக்கொண்டார்கள். 1954-இல் அமெரிக்கரான எட்கர் வில்ச்சர், காற்றுப் புகாத சிறிய பெட்டிக்குள் ஊஃபரை அடைத்து, உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக வேலை வாங்கும் முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் ஆழமான பாஸ் வேண்டுமென்றால் அலமாரி அளவுக்குப் பெட்டி வேண்டும். வில்ச்சர் பெட்டியைச் சுருக்கினார். பாஸும் ஆழமாக வந்தது. உணர்திறன் மட்டும் சரிந்தது. 1957-இல் கே.எல்.எச். நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஜோசப் ஆன்டன் ஹாஃப்மன் இந்தப் பண்டமாற்றை ஒரு விதியாகவே வடித்தார். (பியானோ மேதை ஜோசப் ஹாஃப்மனின் மகன் இவர்.) ஒலித்துறையில் அதை ஹாஃப்மனின் இரும்பு விதி என்பார்கள். ஆழமான பாஸ், சிறிய பெட்டி, அதிக உணர்திறன் ஆகிய மூன்றில் ஏதாவது இரண்டைத்தான் கேட்டுப் பெற முடியும். மூன்றாவதை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். அதே உணர்திறனில் பாஸ் ஒரு முழு ஆக்டேவ் (பாதி அதிர்வெண்ணுக்கு) கீழே இறங்க வேண்டுமானால் பெட்டி எட்டு மடங்கு பெருக வேண்டும். பெட்டி பெருகக் கூடாது என்றால் 9 டெசிபெல் உணர்திறனைக் கொடுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இலும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்திலும் இந்த உறவுகளை யாரும் போட்டுப் பார்க்கக்கூடிய சூத்திரங்களாக்கினார்கள். இன்று ஊஃபர் கையேட்டில் கடைசிப் பக்கத்தில் இருக்கும் எஃப்.எஸ்., வி.ஏ.எஸ்., கியூ.டி.எஸ். போன்ற எண்கள் அவர்கள் வழி வந்தவை.

அந்தச் சூத்திரங்களில் நானே இரண்டு ஊஃபர்களைக் கற்பனையாகப் போட்டுப் பார்க்கிறேன். இரண்டும் 12 அங்குலம்.

முதலாவது இலேசான கோன் (காற்றைத் தள்ளும் கூம்பு) கொண்டது. ஒத்ததிர்வு (தானாக அதிரும் அதிர்வெண்) 35 ஹெர்ட்ஸ், வி.ஏ.எஸ். (கோனைத் தாங்கும் பகுதியின் நெகிழ்வுக்குச் சமமான காற்றின் அளவு) 90 லிட்டர், கியூ.இ.எஸ். (மின் பிரேக்கின் அளவு; எண் குறைந்தால் பிடி இறுகும்) 0.5. கணக்குப்படி அதன் உணர்திறன் 91 டெசிபெலுக்குச் சற்றுக் கீழே. இரண்டாவது கனத்த கோன். ஒத்ததிர்வு 26 ஹெர்ட்ஸ், வி.ஏ.எஸ். 45 லிட்டர், கியூ.இ.எஸ். 0.45. உணர்திறன் 84. இரண்டையும் மைவி போன்ற சிறிய காரின் பூட்டில் (பின்பக்கச் சாமான் அறையில்) வைக்கத் தோதான 30 லிட்டர் மூடிய பெட்டியில் போடுவோம். ஒரே வாட் கொடுப்போம்.

80 ஹெர்ட்ஸில் முதல் ஊஃபர் 91, இரண்டாவது 84. கடைக்காரர் சொன்னது அப்படியே நடக்கிறது. 50 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் 85.5-க்கு 82, இடைவெளி பாதியாகிவிட்டது. 30 ஹெர்ட்ஸில் முதலாவது 76.5, இரண்டாவது 77. இடைவெளி மறைந்ததோடு, 84 என்று அச்சடித்த ஊஃபர் இலேசாக முந்தியும் விட்டது. பாஸ் கிட்டாரின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ். ஐந்து தந்தி கிட்டாரின் கீழ்த் தந்தி 31. சப்ஊஃபர் என்று தனியாக ஒன்றை வாங்குவதே இந்தப் பகுதிக்காகத்தான். அங்கே வந்து பார்த்தால் அட்டையில் இருந்த 7 டெசிபெல் காணாமல் போயிருக்கிறது.

முதல் ஊஃபரைக் குறை சொல்ல இந்தக் கணக்கைப் போடவில்லை. அதே ஊஃபருக்கு 86 லிட்டர் பெட்டி செய்து கொடுத்தால் 30 ஹெர்ட்ஸில் 81 டெசிபெல் தரும்; இரண்டாவதை நன்றாகவே முந்திவிடும். அதற்குத் தேவையான இடத்தை நாம் கொடுக்கவில்லை, அவ்வளவே. குடும்பத்தோடு வார இறுதியில் சாமான் வாங்கப் போகும் காரில் 86 லிட்டர் பெட்டிக்கு யார் இடம் கொடுப்பார்கள்? இரும்பு விதி நம் பூட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்வது இப்படித்தான்.

கார் என்பதால் இன்னொரு விஷயமும் சேர்கிறது. மூடிய காரின் உள்நீளத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அலைநீளம் போய்விட்டால், ஒலி அலையாக ஓடாமல் உள்ளே இருக்கும் காற்று முழுவதையும் ஒரே நேரத்தில் அழுத்தி விடுவிக்கிறது. உள்நீளம் 2.5 மீட்டர் என்று வைத்தால் 70 ஹெர்ட்ஸை ஒட்டி இது தொடங்கும். அதற்குக் கீழே போகப் போக பாஸ் தானாக ஏறும். ஏட்டுக் கணக்குப்படி ஆக்டேவுக்கு 12 டெசிபெல், உண்மைக் காரில் கதவு ரப்பரும் கூரைத் தகடும் கசியவிடுவதால் அதைவிடக் குறைவு. வீட்டில் மெலிந்து கேட்கும் சிறிய மூடிய பெட்டி காருக்குள் ஆழமாகக் கேட்பதற்கு இதுவே காரணம். நம் முதல் ஊஃபருக்கும் இது கை கொடுக்கும். சாகா போன்ற பூட் தனியாகப் பிரிந்த கார்களைவிட, மைவி போலப் பின்கதவு தூக்கும் கார்களில் இந்த உதவி எளிதாகக் கிடைக்கிறது. பின் இருக்கையின் முதுகு நடுவில் சுவராக நிற்பதில்லை. ஆனால் இந்த ஏற்றம் எதுவும் அட்டையில் உள்ள உணர்திறன் எண்ணில் இல்லை. அந்த எண் உங்கள் காரைப் பார்த்ததே இல்லை.

அட்டை எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதும் வேறு கேள்வி. சிலர் 1 வாட்டுக்குப் பதில் 2.83 வோல்ட் கொடுத்து அளப்பார்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது சரியாக 1 வாட். கார் ஊஃபர் 4 ஓம் என்றால் அதே வோல்ட்டில் 2 வாட் போகிறது. 2 ஓம் என்றால் 4 வாட். ஒன்றும் செய்யாமலேயே எண்ணில் 3 அல்லது 6 டெசிபெல் கூடிவிடும். ஒரு மீட்டருக்குப் பதில் அரை மீட்டரில் அளந்தாலும் 6 கூடும். எந்த வோல்ட், எந்தத் தூரம் என்று எழுதாத உணர்திறன் எண்ணை இன்னொரு பிராண்டின் எண்ணோடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

இத்தனைக்குப் பிறகும் கடையில் நின்று கேட்டால் 91 ஊஃபர்தான் தரமாகக் கேட்கும். அது பிரமை அல்ல. ஆம்ப்பின் கெயினை (உள்ளே வரும் ஒலியை எத்தனை மடங்கு பெருக்குவது என்ற திருகை) மாற்றாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினால், 80 ஹெர்ட்ஸ் பக்கத்தில் முதலாவது 7 டெசிபெல் கூடுதலாக அடிக்கிறது. மனிதக் காது பாஸைக் கேட்பதில் மிகவும் மந்தமானது. 1000 ஹெர்ட்ஸில் சில டெசிபெலிலேயே கேட்கத் தொடங்கும் காதுக்கு, 50 ஹெர்ட்ஸில் சுமார் 44 டெசிபெல் வேண்டும். 20 ஹெர்ட்ஸில் 78. ஆனால் கேட்கும் எல்லையைத் தாண்டிவிட்டால், சிறிய ஏற்றம்கூடப் பெரிய ஏற்றமாகத் தோன்றும். நடு அதிர்வெண்ணில் சத்தம் இரட்டித்ததாகத் தோன்ற 10 டெசிபெல் ஏற வேண்டும் என்றால், பாஸில் அதைவிடக் குறைந்த ஏற்றமே போதும். சத்தமாகக் கேட்பதைத் தரமாகக் கேட்பதாக மனம் எடுத்துக்கொள்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் இரண்டையும் முதலில் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவர வேண்டும். கடைக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள்: "அண்ணே, அந்த 84-க்குக் கெயினைக் கொஞ்சம் ஏத்தி, ரெண்டும் ஒரே அளவு சத்தம் வர்ற மாதிரி வெச்சுக் காட்டுங்க." கைபேசியில் உள்ள ஒலி அளவுச் செயலியை இதற்கு நம்பும்போது ஒரு கவனம் தேவை. அது 'ஏ' எடையில் (காதின் மந்தத்தைப் போலப் பாஸைக் குறைத்துக் கணக்கிடும் முறையில்) அளந்தால் 50 ஹெர்ட்ஸ் ஒலியில் 30 டெசிபெலைக் கழித்துவிட்டுத்தான் காட்டும். செயலியில் 'சி' அல்லது 'இசட்' எடை இருந்தால் அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சூடு

இனி, உணர்திறன் உண்மையிலேயே தரத்தைத் தொடும் இடத்துக்கு வருகிறேன். அந்த இடம் வாய்ஸ் காயில், அதாவது கோனை அசைக்கும் செம்புச் சுருள்.

84 டெசிபெல் ஊஃபருக்கு 400 வாட் கொடுத்தால் ஒலியாக வெளியே வருவது முக்கால் வாட்டுக்கும் குறைவு. 399 வாட்டுக்கு மேல், ஊஃபரின் நடுவில் ஒளிந்திருக்கும் சிறு செம்புச் சுருளில் சூடாக இறங்குகிறது. நம் நாட்டு வெயிலில் நிறுத்திவைத்த காருக்குள் ஏற்கெனவே 50 பாகையைத் தாண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செம்பின் மின்தடை ஒவ்வொரு செல்சியஸ் பாகைக்கும் 0.39 விழுக்காடு ஏறும். 30 பாகையில் 3.2 ஓம் காட்டும் காயில், விடாமல் அடித்து 200 பாகைக்குப் போய்விட்டால் 5.3 ஓமாகிவிடும். ஆம்ப் கொடுக்கும் வோல்ட் மாறவில்லை. தடை ஏறியதால் ஓடும் மின்னோட்டம் குறைகிறது. காந்தத்தில் பிறக்கும் விசையும் குறைகிறது. பாஸின் மேல்பகுதியில் 4 டெசிபெலுக்கு மேல் சத்தம் இறங்கிவிடும்.

சத்தம் இறங்குவது மட்டும் என்றால் பரவாயில்லை. அதே தடைதான் கோனை அடக்கிப் பிடிக்கும் மின் பிரேக்கையும் பலவீனமாக்குகிறது. மேலே சொன்ன இரண்டாவது ஊஃபர் 30 லிட்டர் பெட்டியில் குளிர்ந்த நிலையில் 0.65 என்ற அடக்கமான கியூ.டி.சி.யில் (பெட்டியோடு சேர்ந்த ஊஃபர் எவ்வளவு இழுத்து அதிரும் என்ற எண்) வாசிக்கும். காயில் 200 பாகைக்குப் போனால் அது 1-ஐத் தாண்டிவிடும். ஒத்ததிர்வுப் பகுதி அவ்வளவாக இறங்காமல், அதற்கு மேலே உள்ளது இறங்கிவிடுவதால், பாஸ் ஒரே சுருதியில் வீங்கிக் கேட்கத் தொடங்கும். முதல் பாட்டில் தெளிவாக இருந்த தாளம் ஏழாவது பாட்டில் சேறாகக் கேட்கிறது என்று சிலர் சொல்வது வெறும் காது அலுப்பு அல்ல. கணக்கில் வரும் மாற்றம்தான்.

ஆக, ஒரே அளவு சத்தத்தில் கேட்கும்போது உணர்திறன் கூடிய ஊஃபர் குளிர்ச்சியாக இருக்கிறது, அதன் குணமும் மாறாமல் இருக்கிறது. இது அதன் உண்மையான தகுதி. குறைந்த உணர்திறன் ஊஃபரை நல்ல முறையில் செய்பவர்கள் இதை அறிந்துதான் 2.5 அல்லது 3 அங்குல அகலக் காயில், காற்றோட்டத் துளையுள்ள காந்த மையம், சூட்டைத் தாங்கும் பசை என்று செலவழிக்கிறார்கள். தம்பி கேட்ட விலை வித்தியாசத்துக்கு ஒரு பெரிய பங்கு இங்கே இருக்கிறது. குறைந்த உணர்திறனும் மெல்லிய காயிலும் சேர்ந்த மலிவு ஊஃபரில்தான் இரண்டு பக்கத் தீமையும் வந்து சேரும். வாசனை வந்து, பிறகு ஊமையாவது பெரும்பாலும் அதுதான்.

சூட்டோடு சேர்ந்தே வருவது மின்சாரத் தேவை. 400 வாட் உண்மையாகத் தரும் கிளாஸ் டி (மின்சாரத்தைக் குறைவாக வீணாக்கும் வகை) ஆம்ப் 80 விழுக்காடு திறமையோடு வேலை செய்தால், உச்சத்தில் 13.8 வோல்ட்டில் 36 ஆம்பியர் இழுக்கும். 80 வாட்டில் அதே சத்தம் போடும் 91 ஊஃபருக்கு 7 ஆம்பியர் போதும். பூட் வரைக்கும் 5 மீட்டர் ஓடும் 8 கேஜ் (எண் குறைந்தால் தடிமன் கூடும்) செம்புக் கேபிளில் 36 ஆம்பியர் ஓடினால் பிளஸ் பக்கத்தில் மட்டும் 0.4 வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாக விழும். 4 கேஜ் என்றால் 0.15. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிளில் இழப்பு சுமார் ஒன்றரை மடங்கு. வெளியே பார்க்க இரண்டும் ஒரே தடிமன், ஒரே பளபளப்பு. மின்னழுத்தத்தைத் தானாகச் சீர்செய்யாத ஆம்ப்பில், 14.4 வோல்ட் 12.5 ஆனால் கால்பங்கு திறன் போய்விடும். சாலை நெரிசலில் ஏர்க்கானும் ஓட, இன்ஜின் மெதுவாகச் சுற்ற, பாஸ் அடிக்கும்போது டாஷ்போர்டு விளக்கு மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் ஆம்ப் அலையின் தலையை வெட்டத் தொடங்குகிறது. முழுதாக வெட்டுண்ட சதுர அலை, அதே உச்சம் உள்ள சீரான அலையைப்போல் இரண்டு மடங்கு திறனைக் காயிலில் இறக்கும். ஊஃபரை எரிப்பது வாட் அதிகமான ஆம்ப் என்று பலர் பயப்படுகிறார்கள். போதாத ஆம்ப்பைக் கெயின் திருகிக் கசக்குவதும் எரிக்கக்கூடும்.

தரம் எங்கே இருக்கிறது

முதலில் எக்ஸ்மேக்ஸ். கோன் எவ்வளவு தூரம் ஒழுங்காக முன்பின் நகர முடியும் என்பதை மில்லிமீட்டரில் சொல்லும் எண் இது. 30 ஹெர்ட்ஸில் 12 அங்குலக் கோன் ஒன்று ஒவ்வொரு பக்கமும் 10 மில்லிமீட்டர் நகர்ந்தால், திறந்த வெளியில் தரைமேல் 1 மீட்டரில் சுமார் 101 டெசிபெல் கிடைக்கும். 6 மில்லிமீட்டர்தான் முடியும் என்றால் 97. இந்தக் கணக்கில் உணர்திறனுக்கு இடமே இல்லை. எவ்வளவு காற்றைத் தள்ளுகிறாய் என்பது மட்டும்தான் கேள்வி. ஒரு ஆக்டேவ் கீழே போனால் அதே சத்தத்துக்கு நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். எல்லையைத் தாண்டித் தள்ளும்போது காயில் காந்தப் புலத்தை விட்டு வெளியேறுகிறது, காயிலைத் தாங்கும் ஸ்பைடர் இறுகுகிறது, பாட்டில் இல்லாத மேல் சுரங்கள் தானாகப் பிறக்கின்றன. ஊஃபரின் திரிபு என்பதில் பெரும்பகுதி இதுதான். நீளமாக நகர வேண்டிய காயிலை நீளமாகச் சுற்ற வேண்டும், எடை கூடும், காந்த இடைவெளிக்கு வெளியே எப்போதும் கொஞ்சம் செம்பு சும்மா நிற்கும், உணர்திறன் இறங்கும். தரத்துக்காகச் செய்த வேலையே அந்த எண்ணைக் குறைப்பதைப் பாருங்கள்.

கனத்த கோன் மெதுவானது, இலேசான கோன்தான் 'வேகமான பாஸ்' தரும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. கேட்க நியாயமாகத் தோன்றினாலும் தவறு. 80 ஹெர்ட்ஸுக்கு மேல் கிராஸ்ஓவர் (அதிர்வெண்களைப் பிரிக்கும் வடிகட்டி) வெட்டிவிட்ட பிறகு, ஊஃபருக்குப் போகும் அலையே மெதுவானதுதான். கோன் கனமானால் அந்த அலையைச் சின்னதாக வாசிக்கும், தாமதமாக வாசிக்காது. சின்னதாக வாசிப்பதை ஆம்ப் சரிசெய்துவிடும். அடித்தவுடன் நிற்கிறதா, இழுத்துக்கொண்டு போகிறதா என்பதை முடிவு செய்வது பெட்டியோடு சேர்ந்த கியூ.டி.சி. 0.7-ஐ ஒட்டியோ கொஞ்சம் கீழேயோ இருந்தால் இறுக்கமாகக் கேட்கும். 1-ஐ நெருங்க நெருங்க இழுக்கும். நம் 91 ஊஃபர் 30 லிட்டரில் 0.9-க்கு ஏறிவிடுகிறது. இலேசான கோன் கொண்ட அதுதான், தனக்குப் போதாத பெட்டியில் இழுத்து வாசிக்கும்.

அதனால் ஊஃபருக்குச் செலவழிக்கும் அதே அக்கறையைப் பெட்டிக்கும் காட்டச் சொல்கிறேன். தயாராக விற்கும் பெட்டிகளில் உள்ளளவு எத்தனை லிட்டர் என்று எழுதியிருப்பதே அரிது. அளவு நாடாவை எடுத்து, பலகைத் தடிமனைக் கழித்து, உள்ளே அளந்து பெருக்கிப் பாருங்கள். ஊஃபரின் காந்தம் அடைக்கும் இடத்தையும் கழியுங்கள். உள்ளூர்த் தச்சரிடம் செய்யச் சொன்னாலும் இந்த எண்ணைக் கையில் கொடுங்கள். எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த) பலகையை நம் நாட்டில் பெரும்பாலும் ரப்பர் மரத்திலிருந்து செய்கிறார்கள். பால் வற்றி வெட்டிச் சாய்த்த மரங்கள்தான் அரைபட்டுப் பலகையாகின்றன. நம் தாத்தா பாட்டி விடியற்காலையில் சீவிய மரத்தின் வழி வந்த பலகை என்று நினைத்தால் எனக்கு அதன்மேல் தனி மரியாதை. அடர்த்தியானது, தானாக அதிராதது, பெட்டிக்கு நல்லது. ஈரம் மட்டும் ஆகாது. மழைக்காலத்தில் பூட் ரப்பர் கசிந்தால் ஓரம் உப்பிவிடும், இணைப்பு பிளந்து காற்று கசியும். மூடிய பெட்டி மூடிய பெட்டியாக இருக்காது. வெட்டிய ஓரங்களுக்கு வார்னிஷ் பூசச் சொல்லுங்கள்.

பாஸ் அடிக்கும்போது பின் நம்பர் தகடும் பூட் மூடியும் சலசலத்தால், நீங்கள் கேட்பது ஊஃபரை அல்ல, தகட்டை. அதை நிறுத்த நுரைப் பட்டையும் பியூட்டில் ஒட்டும் போதும், செலவும் குறைவு. தாமான் வரிசை வீடுகளில் இருப்பவர்கள் இன்னொன்றையும் நினைத்துக்கொள்ள வேண்டும். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டர். சுவர் அதை நிறுத்தாது. உங்களுக்குச் சுகமாக இருக்கும் அதே அதிர்வு பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையின் தொட்டிலுக்கும் போகிறது.

கெயினை வைக்கும் முறை எளிது. காது மட்டும் போதாது, ஒரு மல்டிமீட்டர் வேண்டும். ஊஃபர் ஒயரைக் கழற்றிவிட்டு, ஹெட் யூனிட்டில் (டாஷ்போர்டில் உள்ள பாட்டுக் கருவியில்) பாஸ் பூஸ்ட் எல்லாவற்றையும் அணைத்து, வழக்கமாகக் கேட்கும் உச்ச வால்யூமில் 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியைப் போட்டு, ஆம்ப் வெளிவாயில் மாறுமின் அழுத்தத்தை அளக்க வேண்டும். 300 வாட், 4 ஓம் என்றால் 34.6 வோல்ட், 2 ஓம் என்றால் 24.5. அந்த எண்ணில் நிறுத்திவிடுங்கள். இப்போதைய சந்தையில் வாட்டை நம்புவதற்கு, ஆம்ப்பின் கையேட்டில் சி.டி.ஏ. 2006 (ஆம்ப்பின் வாட்டை அளக்கும் அமெரிக்க விதி) தரப்படி அளந்ததாக எழுதியிருக்கிறதா என்று பார்க்கலாம். அந்தத் தரப்படி 14.4 வோல்ட்டில், திரிபு 1 விழுக்காட்டைத் தாண்டாமல் வரும் வாட்டைத்தான் எழுத முடியும். அட்டையில் பெரிதாக அச்சடித்த 2000, 3000 என்ற எண்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது.

எதை வாங்குவது என்று கேட்டால் என் கருத்து இதுதான். ஹெட் யூனிட்டோடு சேர்த்து 100 வாட் போல ஒரு சிறிய ஆம்ப் மட்டுமே இருக்கிறது, கேபிளையும் ஆல்டர்னேட்டரையும் தொடும் எண்ணம் இல்லை, பூட்டில் இடம் கொடுக்க மனம் இருக்கிறது என்றால் 90-ஐ ஒட்டிய உணர்திறன் ஊஃபரை எடுங்கள். அதற்குரிய பெரிய பெட்டியையும் கூசாமல் கொடுங்கள். இடம் குறைவு, 30 லிட்டருக்கு மேல் முடியாது என்றால் 84, 85 என்று இருப்பதைப் பார்த்துத் தள்ளிவிடாதீர்கள். 300 முதல் 400 வாட் உண்மையான ஆம்ப், 4 கேஜ் முழுச் செம்புக் கேபிள், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், இவற்றோடு அந்த ஊஃபர் சிறிய காரில் ஆழமாகவும் இறுக்கமாகவும் வாசிக்கும். குறைந்த வாட்டில் சத்தம் கூட வேண்டும் என்று போர்ட் (காற்றுக் குழாய்) வைத்த பெட்டிக்குப் போகிறவர்கள், போர்ட்டின் சுருதிக்குக் கீழே கோனைப் பிடித்து நிறுத்த உள்ளே காற்று ஸ்பிரிங் இல்லை என்பதை மறக்கக் கூடாது. ஆம்ப்பில் சப்சானிக் ஃபில்டர் (மிகத் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் வடிகட்டி) இருந்தால் அதைப் போர்ட் சுருதிக்குச் சற்றுக் கீழே வைத்துவிட்டுத்தான் வால்யூமைத் திருக வேண்டும்.